இருமுகிறவருக்கே முதல் மாஸ்க்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி இருமல், சளி, காய்ச்சல். பினாங்கில் மழை பிடித்துக்கொண்டால் இதுதான் கதை. அதனால் சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சிஸ்டர், என் மாமியாருக்கு 74 வயது. சர்க்கரையும் இருதயக் கோளாறும் உண்டு. மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன் பள்ளியிலிருந்து காய்ச்சலும் இருமலுமாக வந்தான். வீட்டுக்குள் மாஸ்க் போடச் சொன்னேன். என் கணவரோ, “அதெல்லாம் கோவிட்டோடு முடிந்த கதை. வேண்டுமானால் அம்மாவுக்குப் போட்டுவிடு, பையனை ஏன் படுத்துகிறாய்?” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி அம்மா. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

2020 ஆகஸ்ட் 1 முதல் பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டமான இடங்களிலும் முகக்கவரி கட்டாயம், போடாவிட்டால் 1,000 வெள்ளி அபராதம் என்று இருந்தது. 2022 செப்டம்பரில் கட்டடங்களுக்குள் போடுவது பெரும்பாலும் அவரவர் விருப்பம் என்றானது. முடிந்துபோனது அபராதம்தான். கிருமிக்கு அந்த அறிவிப்பை யாரும் அனுப்பி வைக்கவில்லை.

அடுத்து, யாருக்கு மாட்டுவது? நம் வீடுகளில் இதை எப்போதும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். இருமுகிறவரைத் தாராளமாக இரும விட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்தை மூடுவார்கள். இருமும்போது மட்டுமல்ல, பேசினாலும் பாடினாலும் வாயிலிருந்து துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். சின்னவை காய்ந்து இன்னும் சிறுத்து, ஜன்னல் சாத்திய அறையில் வெகுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். வாயை விட்டுக் கிளம்புகிற இடத்தில் துளி ஈரமாகவும் பருமனாகவும் இருப்பதால், சாதாரண மூன்றடுக்கு மாஸ்க்கே அதில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். அறை முழுக்கப் பரவி நுண்ணியதாகிவிட்ட பிறகு, அதை மாமியார் தன் மூக்கருகே வடிகட்டிக்கொள்ள வேண்டும் என்பது, குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. பையனுக்கு முதலில் போடுங்கள். மாமியார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தே தீருவேன் என்றால் அவருக்கும் ஒன்று.

எத்தனை நாளைக்கு? ஃபுளூவாக இருந்தால், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, அதற்குப் பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். பிள்ளைகளிடம் இன்னும் சில நாள் கூடவும் இருக்கும். அதற்காக ராத்திரி தூக்கத்தில் மாஸ்க் வேண்டாம். அந்த நாட்களில் பாட்டியை வேறு அறையில் படுக்க வையுங்கள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றத்தான் வேண்டும், அதனால் பையனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். ஏர்கோனை அடைத்து ஜன்னலைத் திறந்து விடுங்கள். விசிறிக் காற்று பையனைத் தாண்டிப் பாட்டி பக்கம் போகாமல், ஜன்னலைப் பார்த்துப் போகும்படி திருப்பி வையுங்கள்.

போடுகிற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிறம் உள்ள பக்கம் வெளியே, கம்பி உள்ள ஓரம் மேலே. கம்பியை இரண்டு விரலால் நடுவில் கிள்ளக் கூடாது. கிள்ளினால் மூக்கு நுனியில் ஒரு கூரை எழும்பி, இரண்டு பக்கமும் சந்து விழும். இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மூக்குத் தண்டின் நடுவில் வைத்து, அங்கிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே இறக்க வேண்டும். பிறகு மடிப்பை விரித்துத் தாடைக்குக் கீழே இழுத்து விட வேண்டும். ஊதிப் பாருங்கள். கண் இமையில் காற்று பட்டால் கம்பி சரியாகப் படியவில்லை. பையனுக்குச் சிறுவர் அளவு கிடைக்கவில்லையென்றால், பெரியவர்கள் மாஸ்க்கின் காது நாடாவில், துணியை ஒட்டினாற்போல் ஒரு முடிச்சுப் போட்டு, பக்கத்தில் துருத்தும் மடிப்பை உள்ளே செருகிவிடுங்கள். கச்சிதமாக உட்காரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்குக் காய்ச்சல் தொடங்கினால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாதீர்கள். ஃபுளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அவர் வயதுக்கும் நோய்க்கும் ஆண்டுக்கு ஒரு ஃபுளூ தடுப்பூசியும் போட வேண்டும். மாதாமாதம் சர்க்கரை மருந்து எடுக்கப் போகிற கிளினிக்கிலேயே கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரு கொண்டோவில் பாதுகாவலர். நீல நிற மாஸ்க்கைத் தினமும் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து ஒரு வாரம் ஓட்டுவேன். சரிதானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா. அந்த மாஸ்க்கில் மூன்று அடுக்கு. நடுவில் உள்ள மெல்லிய வெள்ளைத் தாள்தான் உண்மையான வடிகட்டி. அதன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். துகள்களை இழுத்து ஒட்டிக்கொள்வது அந்த மின்னூட்டம்தான். சோப்புத் தண்ணீரும் சானிடைசரும் அதைப் போக்கிவிடும். பிறகு நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது பார்வைக்கு மாஸ்க், உள்ளே வெறும் துணி. ஒரு மாஸ்க்குக்கு 1 வெள்ளி 20 காசு என்று அரசாங்கமே உச்ச விலை வைத்த 2020-இல் வந்த சிக்கனம் இது, எனக்குப் புரிகிறது. இப்போது பெட்டியாக வாங்கினால் அவ்வளவு ஆகாது. திறந்த வெளியில் தனியாக நிற்கும்போது மாஸ்க்கே வேண்டாம். பார்வையாளர்கள் வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை நீட்டிப் பேசும் நேரத்துக்கு நல்லதாக ஒன்று போடுங்கள். ஈரமாகிவிட்டால் வீசிவிடுங்கள்.

கேள்வி: என் தங்கை மகன் ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான். மாஸ்க்கால் எந்தப் பயனும் இல்லை என்று பெரிய பெரிய ஆய்வுகளே சொல்லிவிட்டதாக அதில் இருக்கிறது. டென்மார்க், கோக்ரேன் என்றெல்லாம் பெயர் போட்டிருக்கிறது. அப்படியானால் நம்மை இரண்டு வருஷம் ஏமாற்றினார்களா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தங்கை மகன் பாதியைத்தான் அனுப்பியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன்.

டென்மார்க் ஆய்வு 2020 ஏப்ரல், மே மாதங்களில் நடந்தது. ஏறக்குறைய 6,000 பேர். பாதிப் பேரை வெளியே போகும்போது மாஸ்க் போடச் சொன்னார்கள், மீதிப் பேரிடம் சொல்லவில்லை. போடச் சொன்னவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும், சொல்லாதவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் கோவிட் வந்தது. அந்த வித்தியாசத்தை வைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, உண்மை. ஆனால் சொன்னபடி முழுமையாகப் போட்டவர்கள் அவர்களில் பாதிக்கும் குறைவு. அதோடு, அந்த ஆய்வு பார்த்தது போட்டவருக்கு நோய் வருகிறதா என்பதை மட்டும்தான். போட்டவரிடமிருந்து மற்றவருக்குப் போவது குறைகிறதா என்பதை அது தொடவே இல்லை. நான் மேலே மாமியார் கேள்விக்குச் சொன்னதே அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான்.

கோக்ரேன் என்பது ஒரு கேள்விக்கு உலகெங்கும் நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் அமைப்பு. 2023 ஜனவரியில் வந்த அவர்களுடைய தொகுப்பில், பொதுமக்கள் மாஸ்க் போடுவதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று இருந்தது. உடனே உலகம் முழுக்க “மாஸ்க் வேலை செய்யாது” என்று தலைப்புப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே, அப்படிப் பொருள் கொள்வது தவறு, மாஸ்க் போடும்படி ஊக்குவிக்கும் முயற்சிகள் பலன் தந்தனவா என்பதைத்தான் பார்த்தோம், அதற்கும் முடிவான விடை இல்லை என்று விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் யாருடைய போனுக்கும் வந்து சேரவில்லை.

பங்களாதேஷில் நடந்த ஒன்றையும் தங்கை மகனுக்கு அனுப்புங்கள். 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் இலவசமாக மாஸ்க் கொடுத்து, மசூதியிலும் சந்தையிலும் ஆள் வைத்து நினைவூட்டினார்கள். சரியாகப் போடுகிறவர்கள் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாகக் கூடினார்கள். பாதிப் பேர்கூட இல்லை, பாருங்கள். அப்படியிருந்தும் சர்ஜிகல் மாஸ்க், அதாவது மேலே சொன்ன சாதாரண மூன்றடுக்கு மாஸ்க், கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த கோவிட் 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 விழுக்காடு குறைந்தது. துணி மாஸ்க் கொடுத்த இடங்களில் தெளிவான பலன் தெரியவில்லை.

ஆகவே மாஸ்க் இரும்புக் கதவும் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை. நல்லதாக, பொருந்தியதாக, வேண்டிய நேரத்தில் போட்டால் ஆபத்தைக் குறைக்கும். தாடையில் தொங்கவிட்டால் தாடையைப் பாதுகாக்கும்.

கேள்வி: மாஸ்க்கைக் கண்டுபிடித்தவர் நம் பினாங்குக்காரர் என்று என் ஆசிரியர் சொன்னார். உண்மையா?
– ஐந்தாம் படிவ மாணவி, ஜார்ஜ்டவுன்

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அறுவை மருத்துவர்கள் மெல்லிய துணியால் வாயை மூடுவது 1890-களிலேயே ஐரோப்பாவில் வந்துவிட்டது. ஆனால் ஒரு கொள்ளைநோயை எதிர்க்க, மருத்துவர், தாதி, பிணம் தூக்குகிறவர் என்று அத்தனை பேருக்கும் மாஸ்க் மாட்டிவிட்டவர் டாக்டர் வூ லியன் டே. 1879-இல் பினாங்கில் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குயின்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் படித்தார்.

1910 டிசம்பரில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பினில் பிளேக் நோயால் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது சீன அரசாங்கம் அவரை அனுப்பியது. அப்போது அவருக்கு 31 வயது. பிளேக் என்றால் எலி, தெள்ளுப்பூச்சி என்றுதான் அன்றைக்குப் பாடம். இவர் ஒரு பெண்ணின் உடலை அறுத்து ஆராய்ந்து, நோய் நுரையீரலில் இருக்கிறது, மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றில் போகிறது என்றார். மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மடித்து, துணியின் முனைகளைக் கிழித்து நாடாவாக்கித் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார். மலிவு, யாரும் செய்துகொள்ளலாம்.

ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், இந்த இளைஞரைப் பரிகாசம் செய்துவிட்டு மாஸ்க் இல்லாமலேயே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கில் இறந்தார். அதற்குப் பிறகு ஹார்பினில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மாஸ்க் மட்டுமே நோயை நிறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள், மகளே. ரயில் பெட்டிகளில் ஆட்களைத் தனிமைப்படுத்தினார்கள், பயணத்தை முடக்கினார்கள், உறைந்து கிடந்த பிணங்களை அரச அனுமதி பெற்று எரித்தார்கள். ஏறக்குறைய 60,000 பேரைப் பலிகொண்ட பிறகு 1911 வசந்தத்துக்குள் அது அடங்கியது. வூ லியன் டே பிறகு மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் சாதாரண கிளினிக் டாக்டராக இருந்து, 1960-இல் பினாங்கில் காலமானார்.

கேள்வி: என் தம்பிக்கு டிபி என்று உறுதியாகிவிட்டது. மருந்து தொடங்கி ஒரு வாரம். ஆறு மாதமும் மாஸ்க் போட வேண்டுமா? அவன் தட்டு, கோப்பையைத் தனியாக வைக்கச் சொல்கிறார் அத்தை. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் அவமானம் என்று அவன் வெளியில் மாஸ்க்கே போட மாட்டேன் என்கிறான்.
– பெயர் வேண்டாம், பிறை

பதில்: தட்டும் கோப்பையும் பாவம், விட்டுவிடச் சொல்லுங்கள் அத்தையை. காசநோய் பாத்திரத்தில் பரவுவதில்லை. கைகுலுக்கினாலும், அவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வராது. நுரையீரலில் டிபி உள்ளவர் இருமும் காற்றை, அடைத்த இடத்தில் வெகுநேரம் பகிர்ந்துகொண்டால்தான் வரும். மருந்து சரியாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவர்களிடம் இரண்டு வாரத்திலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது மாஸ்க்கை விடலாம் என்பதைச் சளிப் பரிசோதனையைப் பார்த்துக் கிளினிக்கில் சொல்வார்கள். நாமாக முடிவெடுக்கக் கூடாது. அதுவரை அவனுக்குச் சர்ஜிகல் மாஸ்க், தனி அறை, திறந்த ஜன்னல்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நெஞ்சு வார்டில் நான் பார்த்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். மருந்து வாங்க வரும்போது வாசலிலிருந்து மாஸ்க்கோடு வருவான். லிப்ட் கதவு திறந்ததும் அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வான். “ஏண்டா, அடைத்த பெட்டிக்குள்ளேதானே அவசியம்?” என்று கேட்டேன். “மிஸ்ஸி, இதைப் போட்டுக்கிட்டு ஏறினா எல்லாரும் இறங்கிடுறாங்க” என்றான். அவனை நான் திட்டவில்லை. இறங்கிப் போனவர்களைப் பிடித்துத் திட்டியிருப்பேன், அகப்படவில்லை.

மாஸ்க் போட்டிருப்பவர்தான் அந்த லிப்டில் உங்களைப் பற்றி யோசித்த ஒரே ஆள். உங்கள் தெருக்காரர்களுக்கு இது புரிய நாளாகும். கோவிட் வந்ததில் ஒரு நன்மை, இப்போது மாஸ்க்கைப் பார்த்து யாரும் டிபி என்று நினைப்பதில்லை. சளி என்று சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பியை. அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. ஆனால் மாத்திரையில் பொய் கூடாது. இருமல் நின்றதும், உடம்பு தேறியதும், மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் மருந்துக்கு அடங்காத டிபியோடு திரும்பி வருகிறார்கள். வீட்டில் அத்தனை பேரும், அத்தை உட்பட, பரிசோதனைக்குப் போங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள். பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசி பிள்ளைகளைக் கடுமையான டிபியிலிருந்து காக்கும், முழுப் பாதுகாப்பு என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

கேள்வி: லோரி ஓட்டுகிறேன். புகைமூட்டம் வந்தால் சாதாரண மாஸ்க் போதுமா, என்95 வேண்டுமா? தைப்பூச விரதத்துக்குத் தாடி வளர்க்கும் வழக்கம் உண்டு.
– வாசகர், நிபோங் திபால்

பதில்: 2019 செப்டம்பரில் பள்ளிகளை மூடும் அளவுக்கு இங்கே புகை வந்தது நினைவிருக்கும். சுமத்ராவில் எரிகிற புகையின் நுண்துகள்கள் சர்ஜிகல் மாஸ்க்கின் பக்கச் சந்து வழியாக உள்ளே போய்விடும். அதற்கு என்95தான். வடிகட்ட மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் 95 விழுக்காட்டையாவது பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த 95. ஆனால் முகத்தோடு ஒட்டினால்தான் இந்தக் கணக்கு. தாடி இருந்தால் ஒட்டாது. முருகனுக்கு நேர்ந்த தாடியை மழிக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏர்கோனை உள்காற்றிலேயே சுழலும்படி வைத்து ஓட்டுங்கள். மூச்சு விடும் வால்வு வைத்த மாஸ்க் புகைக்குச் சரி. சளி பிடித்திருக்கும்போது அது வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமலேயே வெளியே வந்துவிடும்.

கேள்வி: தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது ஒன்றரை வயதுப் பேரனுக்கு மாஸ்க் போடலாமா? மூச்சு முட்டும், கரியமில வாயு சேரும் என்கிறார்களே?
– பாட்டி, குளுகோர்

பதில்: போடாதீர்கள் அம்மா. இரண்டு வயதுக்குக் கீழே யாருக்கும் கூடாது. காரணம் கரியமில வாயு இல்லை. வாயு மூலக்கூறுகள் துணியின் இடைவெளியில் தாராளமாகப் போய்வரும். அறுவைக் கூடத்தில் மணிக்கணக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் மயங்கி விழுவதில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு அது முகத்தில் நழுவி மூச்சை அடைத்தால் தானாக இழுத்துப் போடத் தெரியாது, அதுதான் பயம்.

படியேறுகிற இடம் திறந்த வெளி. அங்கே கவலை குறைவு. சன்னதிக்குள் நெருக்கியடித்து நிற்காமல், கூட்டம் வடிந்த பிறகு போங்கள். வேனில் எல்லாரும் ஒன்றாகப் போவீர்களே, அங்கேதான் கவனம் வேண்டும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இருமிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் ஒருவர் இருப்பார். மாஸ்க் அவருக்கு.